சர்டிஃபிகேட்டைப் பூட்டி வைக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

வயதில் மூத்தவன் என்பதால் இப்படி அழைக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். முப்பது வருடமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஹெல்பராக வருகிற பையனுக்கு முதலில் கிரைண்டிங் கற்றுக்கொடுத்து, பிறகு ஹோல்டரைக் கையில் கொடுத்து, மூன்று நான்கு வருடத்தில் பைப் வெல்டராக்கி விடுகிறேன். 6ஜி டெஸ்ட் பாஸ் ஆனதும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்விடுகிறான். இரண்டு வருடத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவன் எனக்கு மகன் மாதிரி. அங்கே தான் அடித்த ஜாயிண்டைப் படம் எடுத்துப் போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். வந்த கோபத்தில் பதில்கூடப் போடவில்லை.

நாலு காசு கூடக் கிடைக்கிறது என்பதற்காகச் சொந்த நாட்டை விட்டுப் போவதா? பேராசை என்று சொல்லாமல் இதை வேறு என்னவென்று சொல்வது? இனிமேல் சேருகிறவர்களிடம் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கி வைக்காதீர்கள்.

எழுத வருவதற்கு முன் ஏழு ஆண்டுகள் நானும் உங்கள் தொழிலின் ஓரத்தில் இருந்தவன்தான். வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை. சேர்ந்த அன்றே என் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்து, அவற்றைத் திருப்பிக் கேட்டபோது ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அந்த ஐந்து மாதமும் நான் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பொய். எக்ஸ்ரே பிலிமை விளக்கில் வைத்துப் பார்ப்பேன்; கண் பார்க்கும், மனசு வேறெங்கோ இருக்கும். எத்தனை குறைகளைத் தப்பவிட்டேனோ! உங்கள் பட்டறையில் அப்படி ஒருவன் ரூட் (ஜாயிண்டின் அடியில் போடும் முதல் வெல்டிங்) போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தொழில் தெரியாத வாசகர்களுக்காக 6ஜி பற்றி இரண்டு வரி. பைப்பை 45 டிகிரி சாய்த்து, அசையாதபடி பொருத்தியிருப்பார்கள். பைப் சுழலாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் குனிந்து, பக்கத்தில் உடம்பைச் சாய்த்து, மேலே எட்டி, ரூட்டிலிருந்து கேப்பிங் என்ற கடைசி மேல் அடுக்கு வரை முடிக்க வேண்டும். பிறகு அதைத் துண்டுகளாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் பிலிமைப் பார்த்து ஜாயிண்ட் எந்த நாட்டில் அடிக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ராடும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். சம்பளம் மட்டும் அங்கே பல மடங்கு.

இது ஏன் என்பதுதான் எனக்கு எப்போதும் சுவாரசியமான கேள்வி. முடிதிருத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைக்கு ஆகும் நேரம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் பணக்கார நாட்டில் அவருக்குக் கூலி அதிகம். காரணம் அவர் கத்தரியில் இல்லை. அங்கே தொழிற்சாலையில் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மதிப்பு அதிகம், அதனால் அங்கே சம்பளமும் அதிகம். முடிவெட்டும் கடையில் ஆள் நிற்க வேண்டுமானால் அந்தச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டவாவது கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியாக இதை விளக்கினார்கள். உங்கள் பையன் விஷயமும் இதேதான். அவனுக்கு அங்கே கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி அவன் திறமைக்கான கூலியே இல்லை, நிற்கிற இடத்துக்கான கூலி. அதை இங்கே இருந்தபடி எவ்வளவு உழைத்தும் அவனால் சம்பாதிக்க முடியாது.

ஆகவே காரணம் பணம்தான். மரியாதை, வசதி, வாய்ப்பு என்றெல்லாம் அடுக்கி நானும் கட்டுரை எழுதியிருக்கிறேன். அவையும் உண்டு. ஆனால் பணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பாதி நேரம் அவற்றைச் சொல்கிறோம். முதலாளி கூடுதல் லாபம் வருகிற ஆர்டரை எடுத்தால் சாமர்த்தியம், தொழிலாளி கூடுதல் கூலி கிடைக்கிற இடத்துக்குப் போனால் பேராசை என்பது என்ன கணக்கு? (கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பேராசைதான் ஆளை விரட்டுகிறது என்றால் ஒரு எண்ணிக்கை இடிக்கிறது. ஐ.நா. கணக்குப்படி 2020இல் பிறந்த நாட்டை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 28 கோடிப் பேர், உலக மக்கள்தொகையில் 3.6 சதவீதம். அகதிகளும் இதில் அடக்கம். விசா கிடைக்காமல் நின்றவர்கள் ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசாவே தேவைப்படாத ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும், நாடுகளுக்கிடையே இவ்வளவு சம்பள வித்தியாசம் இருந்தும், மிகப் பெரும்பாலானவர்கள் பிறந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். பணம் இழுக்கிறது; மற்றதெல்லாம் பிடித்து நிறுத்துகிறது. மீறிப் போகிறவன் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, தெரியாத மொழியில் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரே அறையில் பலரோடு படுக்கிறான். சும்மா கிளம்பிவிடவில்லை.

பூட்டி வைக்கும் யோசனை உங்களுக்கு முன்பே பெரிய பெரிய ஆட்களுக்குத் தோன்றியதுதான். வெனிஸ் குடியரசு முரானோ தீவின் கண்ணாடிக் கைவினைஞர்கள் வெளியேறக் கூடாது என்று தடுத்தது. பிரெஞ்சு அரசு 1660களில் பணத்தைக் காட்டி அவர்களில் சிலரைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. பிரிட்டன் 1718இல் சட்டமே போட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் கைவினைஞன் எச்சரித்த ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் சொத்தும் போகும், குடியுரிமையும் போகும். அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான் சாமுவேல் ஸ்லேட்டர் போனார். பெல்பர் நகரத்தில் ஜெடிடயா ஸ்ட்ரட் என்ற நூற்பாலை முதலாளியிடம் தொழில் பழகியவர். 1789இல், 21 வயதில், யாரிடமும் சொல்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கையில் வரைபடம் எதுவும் இல்லை, இயந்திரம் முழுவதும் தலைக்குள் இருந்தது. அடுத்த ஆண்டே ரோட் ஐலண்டில் நூற்பு இயந்திரத்தை ஓடவைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘துரோகி ஸ்லேட்டர்’. பிரிட்டன் அந்தத் தடையை 1824இல் தானே எடுத்துவிட்டது.

இதே பூட்டு போகிற இடத்திலும் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் அங்கே உண்டு. கத்தாரில் வேலை மாற வேண்டுமானால் பழைய முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2020இல்தான் நீங்கியது. உங்கள் பையனின் பாஸ்போர்ட்டை அங்கே ஒருவன் பூட்டி வைத்தால் உங்களுக்கு என்ன கோபம் வரும்?

சரி, என்னதான் செய்வது? மொத்த வித்தியாசத்தையும் நீங்கள் ஈடுகட்ட முடியாது, கட்டவும் வேண்டியதில்லை. போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறவன்தான் உங்கள் ஆள். ஆப்பிரிக்க நாடான மலாவி 2004இல் அரசு மருத்துவப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு 52 சதவீதம் கூட்டிக் கொடுக்க முடிவு செய்தது. அதுவும் பணக்கார நாட்டுச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரவில்லை, ஆனாலும் செவிலியர்கள் வெளியேறுவது மட்டுப்பட்டது. (அவர்கள் போய்க்கொண்டிருந்த பிரிட்டனும் அந்த ஆண்டுகளில் கதவைச் சற்றுச் சாத்திக்கொண்டது. முழுப் பெருமையும் சம்பளத்துக்குச் சேராது.)

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நல்ல வெல்டர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். கிடைக்கவில்லை, போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு காண்ட்ராக்டில் ஆள் பிடித்தார்கள். கேட்ட உயர்வைவிட அந்த தினக்கூலி அதிகம், ரிப்பேர் வேறு இரண்டு மடங்கு. எனவே டெஸ்ட் பாஸ் ஆன அன்றே சம்பளத்தை உயர்த்துங்கள். அவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட பிறகு உயர்த்தினால் அது பேரம், அவனுக்கும் அது தெரியும். பயிற்சிச் செலவு உங்களுக்கு நிஜமான நஷ்டம் என்றால், இத்தனை மாதம் இருந்தால் கழிந்துவிடும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து போட்டு, நகலை அவன் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகும் போகிறவன் போவான்.

ஒரே ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. அவன் அனுப்பிய படத்தைக் கோபத்தில் சரியாகப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. கேப்பிங் சீராக வந்திருந்ததா, ஓரத்தில் அண்டர்கட் (வெல்டிங் ஓரமாக விழும் பள்ளம்) இருந்ததா என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. அவன் அதைக் கேட்டுத்தான் அனுப்பியிருப்பான்.