காவலர் தேர்வில் போலீஸ் வெரிஃபிகேஷனில் நிராகரித்துவிட்டார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

எழுத்துத் தேர்வு, உடல்தகுதி, மருத்துவம் எல்லாம் தாண்டியும், திருவிழாத் தகராறில் போட்ட பழைய வழக்கைக் காட்டி வேலை இல்லை என்றுவிட்டார்கள், வழக்கில்தான் விடுதலை ஆகிவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பணி தொடர்பான வழக்குகள் நடத்துகிறேன். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் இதே கேள்வியோடு பிள்ளைகள் வருகிறார்கள்.

முதலில் நிராகரிப்பு உத்தரவையும் விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் எடுத்து வையுங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அளித்து விடுதலை செய்யப்படுகிறது" என்று இருக்கிறதா? புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சி ஆனதாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சாட்சி சொன்னதாக, மேலே எங்காவது வருகிறதா? தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி இந்த இரண்டு வகையில் விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றுக்கொண்டது. ஊரில் இரு தரப்பும் சமாதானமாகி, புகார்தாரர் கோர்ட்டில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அந்தச் சமாதானமே பையனின் வேலைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. எனக்கு இந்த விதியில் உடன்பாடு இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொண்டுதான் வழக்குப் போட வேண்டும்.

அதற்காகக் கதவு முழுக்க மூடிவிடவில்லை. அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, வழக்கின் தன்மை, பதவி, சிறு வயதில் நடந்த அற்ப விவகாரமா என்பதையெல்லாம் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. 2022-இல் பவன் குமார் வழக்கிலும், தகவலை மறைத்தார் என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடக் கூடாது என்று சொன்னது. நீங்கள் படிவத்தில் வழக்கைக் குறிப்பிட்டிருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். ஆனாலும் உண்மையைச் சொன்னதற்காக வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது.

செய்ய வேண்டியது, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு, அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. நிராகரிப்பு உத்தரவை ரத்து செய்யச் சொல்லிக் கேளுங்கள், கூடவே தீர்ப்பு வரும்வரை ஓர் இடத்தைக் காலியாக வைக்கும்படி இடைக்கால உத்தரவும் கேளுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். ஜெயித்தாலும் பெரும்பாலும் "மறுபடி பரிசீலியுங்கள்" என்றுதான் உத்தரவு வரும், நேரடியாகப் பணி ஆணை வராது. கண்டிப்பாக வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். தோற்றால் 30 நாளுக்குள் இரண்டு நீதிபதிகள் முன் மேல்முறையீடு செய்யலாம்.

ரிட்டுக்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை, ஆனால் தாமதமே மனுவைக் கெடுத்துவிடும். உங்கள் பேட்ச் பயிற்சிக்குப் போவதற்குள் தாக்கல் செய்யுங்கள். எழுத்தில் காரணம் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், பதிலுக்கு 30 நாள். அதற்காகக் காத்திருக்காமல், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனுவும் அனுப்பிவிடுங்கள்.

சம்பவத்தின்போது உங்களுக்கு 18 வயது முடியவில்லை என்றால் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லுங்கள். சிறு வயதில் செய்த குற்றம் பொதுவாகப் பின்னாளில் தகுதிக் குறைவாகக் கூடாது என்னும் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு வாதத்தையே மாற்றிவிடும்.

உயரம், மருத்துவம் என்று வேறு காரணத்தில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மறு அளவீடோ வேறு மருத்துவக் குழுவோ கேட்பதுதான் வழி, அதையும் உடனே கேட்க வேண்டும்.

அப்புறம், வழக்கு நடக்கும்போதே அடுத்த அறிவிப்புக்கும் விண்ணப்பியுங்கள், வயது யாருக்காகவும் நிற்காது. வெரிஃபிகேஷன் நேரத்தில் நிலுவையில் இருந்த வழக்கு பிறகு நல்லபடியாக முடிந்தால்கூட, அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும் என்கிறது விதி. அடுத்த விண்ணப்பப் படிவத்தில் குற்ற எண், காவல் நிலையம், தீர்ப்புத் தேதி மூன்றையும் எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்துவிடுங்கள்.