மாடி அறையில் ஒரு ஜிம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டிலேயே ஜிம் வைப்பதைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டில் 10-க்கு 10 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. தனியாகத்தான் பயிற்சி செய்யப் போகிறேன். மல்டிஜிம் மெஷின் ஒன்று போதும், எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நண்பரோ பார்பெல், அதாவது இரண்டு முனையிலும் எடைப் பிளேட் மாட்டுகிற நீண்ட ராடு, வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்? (வாசகர், தாம்பரம்)

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பார்பெல்லோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மல்டிஜிம்மில் கை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மெஷின் முடிவு செய்கிறது, அது உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, கேபிளோ புல்லியோ போனால் அந்த மாடலுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். ராடும் பிளேட்டும் அப்படியில்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உங்கள் பிள்ளையும் அதிலேயே பயிற்சி செய்யலாம்.

தனியாகச் செய்யப் போகிறேன் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பெஞ்சில் படுத்து ராடை நெஞ்சுக்கு மேலே தூக்குகிற பெஞ்ச் பிரஸ்ஸில் கடைசித் தடவை மேலே போகாமல் ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிவிட ஆள் இருக்காது. எனக்கு நடந்திருக்கிறது. அன்று பிளேட்டுக்குக் கிளிப் மாட்டியிருக்கவில்லை, அதனால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிளேட்டுகளைக் கொட்டிவிட்டு எழ முடிந்தது. ராடு இன்னும் கொஞ்சம் மேலே, கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஆகவே பணத்தில் பெரிய பங்கு பவர் ராக்குக்கு, அதாவது ராடைத் தாங்குகிற தூண்கள் கொண்ட இரும்புச் சட்டத்துக்கு, போகட்டும். அதன் இரண்டு பக்கமும் செருகுகிற சேஃப்டி கம்பிகள்தான் உங்களுக்குத் துணை ஆள். பெஞ்சில் படுத்து நெஞ்சை நிமிர்த்தினால் ராடு நெஞ்சைத் தொட வேண்டும், நெஞ்சைத் தளர்த்தினால் கம்பியின் மேல் உட்கார்ந்துவிட வேண்டும், அந்த உயரத்தில் செருகுங்கள். வெறும் ராடை வைத்து நாலைந்து முறை சோதித்துப் பார்க்காமல் பிளேட் ஏற்றாதீர்கள்.

அப்புறம் அளவு. ஒலிம்பிக் ராடு 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம். உங்கள் அறையின் அகலம் சுமார் 3.05 மீட்டர், நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 42 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பிளேட் மாட்ட அது இடுக்கம்தான், ஆனாலும் முடியும். இடம் போதவில்லை என்று 5 அடி ராடு வாங்கிவிடாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் பிளேட்டுகளுக்கு நடுவில் உள்ள பகுதி ராக்கின் இரண்டு தூண்களுக்கும் எட்டாது. 6 அடியில் வாங்குவதாக இருந்தால் ராக்கின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒலிம்பிக் ராடின் முனை 50 மில்லிமீட்டர் தடிமன், சாதாரண ராடுக்கு ஒரு இன்ச் ஓட்டை உள்ள பிளேட்தான் பொருந்தும். இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு அவதிப்படுபவர்கள் நிறைய. முதலிலேயே ஒன்றை முடிவு செய்யுங்கள். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். தோள் பயிற்சியில் ஒரேயடியாக 5 கிலோ ஏற்ற முடியாமல் மாதக்கணக்கில் நின்றுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேலே ஃபேன் இருக்கிறதா? நேர் கீழே நின்று தலைக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். முழு அளவுப் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், கையை நீட்டினால் அதற்கும் மேலே 22 சென்டிமீட்டர் போகும். சுவர் ஃபேனுக்கு மாற்றிவிடுவது நல்லது.

கையில் பணம் குறைவென்றால் பிளேட்டுகளைப் பழையதாக வாங்குங்கள். மூடுகிற ஜிம்களில் கிடைக்கும், துரு பிடித்திருந்தால் தேய்த்து பெயின்ட் அடித்தால் போதும். ராடு மட்டும் புதிதாக இருக்கட்டும். பழைய ராடுதான் என்றால் தரையில் உருட்டிப் பார்த்து, வளைவு இல்லையென்று தெரிந்த பிறகே காசு கொடுங்கள்.

கேள்வி: இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தளம் தாங்குமா? கீழ் வீட்டுக்காரர்களும் சத்தம் போடுவார்கள். (வாசகர், கோவை)

பதில்: குடியிருப்பு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கு வைத்து வடிவமைக்கச் சொல்கிறது நம் கட்டட விதி. ராக், ராடு, பிளேட், நீங்கள் எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்றாலும் இரண்டு மூன்று சதுர மீட்டரில் பரவியிருந்தால், சரியாகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு அது கவலைப்படும் அளவல்ல. அறையின் நடுவில் வைக்காமல் சுவரையோ பீமையோ ஒட்டி வையுங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, விரிசல் விட்ட தளம் என்றால் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம். சத்தத்துக்கு அடியில் தடித்த பிளைவுட், மேலே 15 அல்லது 20 மில்லிமீட்டர் ரப்பர் மேட். டைல்ஸும் தப்பிக்கும். அதைவிட முக்கியம், எடையைப் போடாமல் இறக்கி வைப்பது. மேலிருந்து கைவிட்ட 60 கிலோவின் அதிர்வை எந்த மேட்டும் முழுதாக விழுங்காது, கீழே குழந்தை தூங்கும்.

கேள்வி: எனக்கு 52 வயது. எலும்பு கொஞ்சம் பலவீனமாகிவிட்டது, எடைப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். இந்த வயதில் டம்பெல் தூக்குவதா என்று தயக்கம். (வாசகி, மதுரை)

பதில்: தயங்காதீர்கள் அம்மா. 20 லிட்டர் தண்ணீர் கேனை வாசலிலிருந்து சமையலறைக்குத் தூக்கியிருப்பீர்கள், அது 20 கிலோ. சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். இத்தனை வருஷம் முறை தெரியாமல் தூக்கியதை இனி முறையோடு தூக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். 2, 3, 5 கிலோவில் ஒவ்வொரு ஜோடி டம்பெல், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று, இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பேண்ட் ஒன்று போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முதல் பயிற்சி, அதுவே பஸ்கி. கை ஊன்றாமல் பத்து முறை சுலபமாக வந்தபின் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், எல்லா வயதுப் பெரியவர்களுக்கும். முதுகை வளைத்துக் குனிந்து எடை எடுப்பது மட்டும் உங்களுக்கு வேண்டாம். முதுகெலும்பு எந்த அளவுக்குப் பலவீனம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாதம் இரண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பிய பிளேட் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: தொடக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் தடிமன் அதிகம், ராடில் நாலைந்து மாட்டியதும் இடம் முடிந்துவிடும், கீழே விழுந்தால் உறை உடைந்து சிமென்ட் கொட்டும். வாங்கியதும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, உண்மையான எடையை அதன் மேலேயே எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் கடற்காற்று வேறு, இரும்புக்கு மாறிய பிறகு பயிற்சி முடிந்ததும் ராடில் வியர்வையைத் துடைத்துவிடுங்கள், மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் தடவுங்கள்.