அரசு மருத்துவமனைகளில் புதிய முயற்சிகளை ஊழியர்களே தொடங்கும்படி ஊக்குவிப்பது எப்படி?

ஊழியர்களிடம் யோசனைகள் கேட்டுப் போட்டி வைத்து, சிறந்தவற்றுக்குப் பரிசளித்தால் அரசு மருத்துவமனைகள் மாறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்கள் அண்மையில் பணியில் சேர்ந்தவர் என்றும், ஏதோ ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றும் ஊகிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரிசும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். நல்லது செய்தவனுக்கு மெமோ வராமல் இருந்தால் போதும் என்பதே என் பதில்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆயிரம் மாத்திரை அடங்கிய டப்பாவிலிருந்து கையால் எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவின் அடியில் கிடப்பவை நமுத்துப் பொடியாகியிருக்கும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் உருவாகி, 1995 தொடக்கத்தில் மருந்து வழங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நிலை மாறியது. மாவட்டங்களில் கிடங்குகள் வந்தன. மாத்திரைகள் அட்டையில் வந்தன. ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால் மட்டுமே கிடங்கிலிருந்து வெளியே விடும் வழக்கம் வந்தது. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே முறையில் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இதைப் பாராட்டுகிறவர்கள் எல்லாரும் டெண்டர் முறையைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால், பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது பாஸ்புக்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, பாஸ்புக்கில் பதிந்து கொடுத்துவிடுவார்கள். அந்தத் தொகைக்குள், பட்டியலில் உள்ள எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரும் மருந்தாளுநரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். எங்கள் ஊரில் சிரங்கு அதிகமென்றால் களிம்பைக் கூட்டிக்கொள்வோம், பக்கத்து ஊரில் முதியவர்கள் அதிகமென்றால் அவர்கள் இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டிக்கொள்வார்கள். மேலே இருப்பவர்கள் அனுப்பியதை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, யோசிக்க ஒரு காரணம் அப்போதுதான் கிடைத்தது.

இனி என் கதை. எங்கள் நிலையத்தில் பாம்புக்கடி வருவது அரிது. வாய்க்கால் பாசனப் பகுதியில் இருந்த பக்கத்து நிலையத்திலோ அறுவடைக் காலம் வந்தால் வரிசையாக வரும். இரு நிலையங்களிலும் விஷமுறிவு மருந்தின் கையிருப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சுற்று வட்டாரத்து மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து, யாரிடம் எந்த மருந்து மிகுந்திருக்கிறது, எது காலாவதியை நெருங்குகிறது என்பதை மாதந்தோறும் தொலைபேசியில் பகிர்ந்து, தேவைப்பட்ட இடத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டோம். எந்தச் சுற்றறிக்கையும் இதைச் செய்யச் சொல்லவில்லை; செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை.

ஓர் இரவு, கண்ணாடிவிரியன் கடித்த விவசாயத் தொழிலாளி ஒருவர் அந்தப் பக்கத்து நிலையத்துக்கு வந்தார். கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த இரத்தம் இருபது நிமிடம் கழித்தும் உறையாமல் தண்ணீராகவே இருந்தது. அப்படியிருந்தால் எட்டு முதல் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். அங்கே இருந்ததோ பாதிகூட இல்லை. அவர்களுடைய ஆய்வக நுட்புநர் இருசக்கர வண்டியில் வந்தார். எங்கள் மருத்துவ அலுவலர் விடுப்பில் இருந்ததால், வெளிநோயாளி சீட்டின் பின்புறம் குப்பிகளின் தொகுப்பு எண்ணை எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன். நோயாளி பின்னர் தலைமை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த தணிக்கையில், இன்டென்ட் எனும் தேவைப் படிவம் இல்லாமல் அரசுப் பொருளை வெளியே கொடுத்ததாக ஆட்சேபணை எழுதினார்கள். இருப்புப் பதிவேட்டில் என் பதிவு இருந்தது, அந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது, பக்கத்து நிலையத்துப் பதிவேட்டில் வரவும் இருந்தது. ஆனால் மருத்துவ அலுவலரின் கையொப்பம் இல்லை. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைகளுக்கான 17(அ) விதியின் கீழ் குறிப்பாணை, அதாவது மெமோ, வந்தது. குப்பிகளின் விலையை ஏன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கோப்பு நிலுவையில் இருந்த காரணத்தால் அந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. விளக்கம் எழுதிய கையோடு எங்கள் பகிர்வு ஏற்பாடும் நின்றுபோனது. யாரும் தடை போடவில்லை, யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு காலாவதியான மருந்துகளை முறைப்படி பட்டியலிட்டு ஒழித்தோம். அதற்கு மட்டும் எந்தத் தணிக்கையும் ஆட்சேபணை எழுதவில்லை.

தணிக்கையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் பின்னூட்டத்தில் கிளம்ப வேண்டாம். அரசு மருந்து பின்வாசல் வழியாகப் போன கதைகள் எனக்கும் தெரியும். பூட்டும் கணக்கும் கட்டாயம் வேண்டும். ஆனால் திருடியவனுக்கும் உயிர் காக்கக் கொடுத்தவனுக்கும் ஒரே படிவத்தில் மெமோ அடித்தால், மூன்றாமவன் எதற்கும் கை நீட்ட மாட்டான்.

சில காலம் கழித்துப் பொறுப்பேற்ற துணை இயக்குநர் ஒருவர், ஆய்வுக்கு வந்தபோது பழைய சீட்டைப் பார்த்து விவரம் கேட்டார். பாராட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அவசரத்தில் மருந்து மாற்றுவதற்கு மூன்று நகல் கொண்ட ஒரு படிவத்தை வகுத்து, இரவில் பணியில் இருக்கும் செவிலியரின் கையொப்பமே போதும், மருத்துவ அலுவலர் அடுத்த வேலை நாளில் மேலொப்பமிடலாம் என்று ஆணை போட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே தொலைபேசிகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கின. அவர் செலவழித்தது ஒரு தாள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதும் எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல திட்டம். எந்த ஆட்சி என்று பார்த்துச் சொல்லவில்லை, மருத்துவப் பணிகள் கழகம் வந்தது வேறோர் ஆட்சியில். ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியவர்களுக்கான மாத்திரைகளை எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தம் பையில் போட்டுக்கொண்டு போனார். நோயாளி நேரில் வராமல் மருந்து வழங்கியது எப்படி என்று கேட்டு அவரையும் ஒரு முறை நிற்கவைத்தார்கள். திட்டம் வந்தபோது அவரிடம் ஒருவரும் ஆலோசனை கேட்கவில்லை.

உங்கள் யோசனை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயினும், பரிசுப் போட்டிக்கு அனுப்புமுன் அதை அரைப் பக்கத்தில் எழுதி, எந்தப் பதிவேட்டில் எந்த மாற்றம், யார் கையொப்பம் என்பதைக் குறித்து, உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒப்புதல் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்து, "செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னால், அடுத்து நடக்கும் மாதாந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதை மீண்டும் கேட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்கு வருகிறவர்களிடம் காட்ட அந்தக் குறிப்பாவது இருக்கும்.