தோசை சாப்பிட்டது குற்றமா?

கேள்வி: 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது, இறந்த மகளின் கையைப் பிடித்தபடி இடிபாட்டில் உட்கார்ந்திருந்த தகப்பனின் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாள் கழித்து, பலி 40 ஆயிரத்தைத் தாண்டியது என்ற செய்தியைப் படித்துக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டு எழுந்தேன். இன்றுவரை உறுத்துகிறது. என் மனம் மரத்துவிட்டதா? அன்று அழுததே வேஷமா?
– பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: வேஷமெல்லாம் இல்லை, சகோதரி. கஹ்ராமன்மராஷ் நகரில் எடுத்த அந்தப் படத்தை நானும் மறக்கவில்லை. மகளின் முகம் தெரியாது. கான்கிரீட் பாளங்களுக்கு அடியில் ஒரு மெத்தை, அதிலிருந்து நீளும் ஒரு கை. ஆரஞ்சு நிற ஜாக்கெட் அணிந்த அப்பா அதை விடாமல் பிடித்திருப்பார். பிள்ளையைக் கைபிடித்துச் சாலை கடந்த எவருக்கும் அந்தப் பிடி தெரியும். 40 ஆயிரம் என்ற எண்ணில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஊரே அப்படித்தான். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வந்தபோது, சிரியப் போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். அதற்கெல்லாம் அசையாத மனம் ஒரு குழந்தையின் சிவப்புச் சட்டைக்கு அசைந்தது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு நாள்தோறும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை அந்த ஒரு வாரத்தில் 100 மடங்குக்கு மேல் எகிறியது. சில வாரங்களில் வேகம் வடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சூட்டோடு, மாதாமாதம் தருகிறேன் என்று பதிந்துகொண்டவர்களும் ஏறக்குறைய 10 மடங்கு கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண்ணீர் காய்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

எனவே உங்கள் அழுகையை நான் சந்தேகிக்க மாட்டேன். அன்று அழுததோடு நின்றுவிட்டீர்களா என்றுதான் கேட்பேன். (அழுமூஞ்சிப் பொம்மை ஒட்டிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு உதவி செய்ததாக நினைப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும்.) அடுத்த முறை தொண்டை அடைக்கும்போதே, அன்றைக்கே, நம்பிக்கையான நிவாரண அமைப்பு ஒன்றுக்கு மாதம் 100 ரூபாயாவது வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். படத்தோடு சேர்ந்து சுற்றிவரும் கணக்கு எண்களுக்கு மட்டும் பணம் போட வேண்டாம். அவற்றில் மோசடி உண்டு. அதே படத்தை இரவில் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதையும் விடுங்கள். அதனால் அந்த அப்பாவுக்கு ஒரு பயனும் இல்லை, உங்களுக்குத் தூக்கம்தான் கெடும்.