செட்டி அட் ஹோம்: 1200 கோடி சிக்னலை எப்படிச் சலித்தார்கள்?

வேற்றுலக நாகரிகங்களின் ரேடியோ சிக்னலைத் தேட வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்திய செட்டி அட் ஹோம் (SETI@home) திட்டத்தை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த தரவைச் சிறு துண்டுகளாக்கி, விரும்பிச் சேர்ந்தவர்களின் கணினிகளுக்கு அனுப்பினார்கள்; அவற்றை அலசும் மென்பொருள் ஸ்கிரீன் சேவராக ஓடியது. இந்தத் திட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

மாலதி: என் கணினி போட்ட கணக்கு சரியா என்று யார் பார்த்தார்கள்?

இன்னொருவரின் கணினிதான். ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும். விடைகள் ஒத்துப்போனால் தரவுத்தளத்தில் ஏறும். இல்லையென்றால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவார்கள்.

ராஜ்குமார்: ஸ்கிரீன் சேவரில் 'காஸியன்' என்று வருமே, அது என்ன?

அரெசிபோ தொலைநோக்கியின் பார்வையை வானத்தின் ஒரு புள்ளி கடக்கச் சுமார் 12 விநாடி ஆகும். அங்கிருந்து வரும் சிக்னல் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்க வேண்டும். இந்த மேடு வடிவத்தின் பெயர்தான் காஸியன். பக்கத்து ராடார் அப்படி ஏறி இறங்காது. ஒரு துண்டு சுமார் 107 விநாடி என்பதால் அந்த மேடு முழுசாக அதற்குள் அடங்கிவிடும்.

நசீர்: பலமான சிக்னல் ஒன்று கிடைத்தால் போதாதா?

போதாது. இப்படிச் சேர்ந்த சிக்னல்கள் 1200 கோடி. ஏறக்குறைய எல்லாமே ராடார், செயற்கைக்கோள், டிவி என்று நம்முடைய இரைச்சலும் தற்செயலும்தான். தொலைநோக்கி எங்கே திரும்பினாலும் ஒரே அலைவரிசையில் வந்தால் அது நம்முடையது, தள்ளு. வானத்தின் ஏழு இடங்களை ஒரே சமயத்தில் பார்க்கும் ஏழு கற்றை ரிசீவரில், பல கற்றைகளில் ஒரே நேரத்தில் விழுந்தாலும் தள்ளு. அப்புறம்தான் உண்மையான கேள்வி: அதே இடத்திலிருந்து, அதே அலைவரிசையில், வேறொரு நாளிலும் வந்ததா? பூமியின் ஓட்டத்தால் அலைவரிசை நகரும். அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இந்தப் பெரிய கணக்கு ஜெர்மனியில் ஹானோவரில் உள்ள அட்லஸ் கணினித் தொகுப்பில் ஓடியது.

கவிதா: நல்ல சிக்னலையும் சேர்த்து எறிந்திருந்தால்?

நியாயமான பயம். அதற்காகவே போலி சிக்னல்களைத் தரவில் கலந்துவிட்டு, எத்தனை மீண்டு வருகின்றன என்று பார்த்தார்கள். எவ்வளவு மங்கலானது வரை நம் வலையில் சிக்கும் என்பது அதில்தான் தெரியவரும். என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் நேர்மையான வேலை இதுதான்.

சேகர்: 2004-இல் ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்ததே?

மூன்று முறை தெரிந்த மங்கலான சிக்னல். குழுவினரே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலதி: இப்போது மிச்சம் என்ன?

துண்டு அனுப்புவது 2020 மார்ச்சில் நின்றது; அந்த டிசம்பரில் அரெசிபோவும் இடிந்து விழுந்தது. மிஞ்சியவற்றை வரிசைப்படுத்தி, முன்னணியில் இருந்தவற்றை ஆட்களே உட்கார்ந்து பார்த்து, சுமார் 100-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் அந்த இடங்களை மறுபடி பார்த்துவருகிறார்கள்.