கர்ப்ப காலத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் கூறுகிறார். அந்த ஊசியாலேயே ஃப்ளூ வரும், குழந்தைக்கும் ஆகாது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால், அதனால் ஃப்ளூ வர வாய்ப்பே இல்லை. ஓரிரு நாள் கைவலியோ லேசான காய்ச்சலோ வரலாம், அதைத்தான் பலர் ஃப்ளூ என்று எண்ணிவிடுகிறார்கள். (வலுவிழந்த வைரஸ் உள்ள மூக்குத் தெளிப்பு மருந்துதான் கர்ப்பிணிகளுக்குக் கூடாது.) இதயம், நுரையீரல், நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றில் நேரும் மாற்றங்களால் கர்ப்ப காலத்தில் ஃப்ளூ தீவிரமடையும் அபாயம் கூடுவதால், உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தரப் பரிந்துரைத்தது. எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

உறவினர்களின் கவலை குழந்தையைப் பற்றியது என்பதால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போடுவதில்லை, தாயின் உடலில் உருவாகி நஞ்சுக்கொடி வழியே கருவை அடையும் எதிர்ப்புப் புரதங்களே பிறந்தபின் அதைக் காக்கின்றன. முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.