பெயர் கெட்டது யாருக்கு?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த பிராங்கோ நகுர்ஸ்கி, முடிவை முன்பே பேசிவைத்துக்கொண்டு மோதும் தொழில்முறை மல்யுத்தத்தில் இறங்கினாராமே! பணத்துக்காகப் பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்றுதானே சொல்ல வேண்டும்?

பதில்: சம்பளப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 1930இல் சிகாகோ பியர்ஸ் அணி அவரைச் சேர்த்தபோது கொடுத்தது 5,000 டாலர். மறு ஆண்டு 4,500. அதற்கடுத்த ஆண்டு 3,700. அந்த 1932இல்தான் அணி சாம்பியன் ஆனது, 1933இலும் ஆனது! பொருளாதார மந்தம் என்றார்கள். மந்தம் உண்மைதான். அதற்காக எதிரணிக்காரர்கள் யாரும் அவர்மீது மெதுவாக வந்து மோதவில்லை. (இது காலால் உதைத்து ஆடும் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளி ஓடுவது.)

ஆகவே மல்யுத்தத்துக்கும் போனார். 1937இல் மூன்றே வாரத்தில் ஐந்து கால்பந்து ஆட்டங்கள் ஆடி, எட்டு ஊர்களில் மல்யுத்தமும் செய்தார். அந்த ஊர்களில் போர்ட்லண்டும் உண்டு, பிலடெல்பியாவும் உண்டு. ஒன்று மேற்குக் கோடி, மற்றது கிழக்குக் கோடி. சம்பளத்தை உயர்த்திக் கேட்டபோது அணி மறுத்தது. அந்த ஆண்டோடு கால்பந்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். 1939இல் ஹூஸ்டனில் லூ தெஸ் என்ற மல்லரிடமிருந்து மல்யுத்த உலகப் பட்டத்தைப் பறித்தார். முடிவு பேசிவைத்ததாகவே இருக்கட்டும். தெஸ்ஸின் முழங்கால் சில்லு உடைந்தது பேசிவைத்ததல்ல.

1943இல் போருக்குப் போன வீரர்களால் அணி காலியானதும், பியர்ஸ் மறுபடி அவரைத்தான் கூப்பிட்டது. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின், 35ஐத் தொடும் வயதில் வந்தார். வாஷிங்டன் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டார்; 41-21 என்று வென்று அணி மீண்டும் சாம்பியன். "பெயரைக் கெடுத்துக்கொண்டவரை" ஏன் கூப்பிட்டார்கள் என்று அவர்களைக் கேளுங்கள்.

ஏறக்குறைய ஐம்பது வயதுவரை மல்யுத்தம் செய்தார். மூட்டுகள் தேய்ந்தன. பிறகு கனடா எல்லையை ஒட்டிய இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்ற தம் ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தினார். அங்கே ஒரு கதை உண்டு: அவர் முறுக்கி மூடிய டேங்க் மூடியை வேறு யாராலும் திறக்க முடியாதாம், பெட்ரோல் தீர்ந்தால் அவரிடமே திரும்பி வந்தாக வேண்டுமாம்.